ஆறாவது வேட்டு

சோலையப்பன் திரியை அடிஸ்கேல் வைத்து அளந்துதான் வெட்டுவார். கிணற்றுக்கு வேட்டு வைக்கிறவர்களில் வேறு எவனாவது அப்படிச் செய்வானா? மற்றவர்கள் சாண் கணக்கில் பிடித்து, கத்தியை இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இந்த மனுஷன் மட்டும் முதல் திரியைவிட இரண்டாவது இரண்டு அங்குலம் கூடுதல், அதைவிட மூன்றாவது இரண்டு அங்குலம் கூடுதல் என்று பென்சிலால் கோடு கிழித்து வெட்டுவார். பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகியும் காலில் கேன்வாஸ் ஷூவும் கழுத்தில் விசிலும் அப்படியே இருந்தன. வெடித்துச் சிதறிய பாறையில் வெறுங்காலோடு நடக்கிற கூட்டத்துக்கு நடுவில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஒரு ஆள்! பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்.

சிரிப்பைவிட அவரை அறுத்தது வேறொன்று. அவருக்குக் கூலி கொடுக்கிற மேஸ்திரி மலையாண்டி அவரிடமே படித்தவன். எட்டாம் வகுப்பில் டிரில் வகுப்போடு கணக்குப் பாடமும் அவர்தான் எடுத்தார். "நாலுக்கு மேல எண்ணத் தெரியாத மண்டு" என்று அவர் வாயால் பேர் வாங்கி, வெயிலில் முட்டி போட்டு, அந்த வருஷம் பெயிலாகி, பள்ளிக்கூடத்தையே விட்டு ஓடியவன். இன்று வெடிமருந்து லைசென்ஸ் அவன் பேரில் இருக்கிறது. கொடும்பாளூர்ச் சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் அவனைத்தான் தேடி வருகிறார்கள். வாத்தியார் வேலை இல்லாமல் அலைகிறார் என்று கேள்விப்பட்டு அவனே வீடு தேடி வந்து, "தப்பா நெனைக்காதீங்க சார், எங்கூட வந்து இருங்க" என்றான். அவன் நல்ல மனசோடுதான் கேட்டான். அதுதான் சோலையப்பனுக்கு இன்னும் கூசியது.

பள்ளிக்கூடத்து வேலை ஏன் போனது? போகவில்லை, அவரே விட்டார். மாசி மாதம் ஜில்லா ஓட்டப் பந்தயத்துக்குப் பையன்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். முத்துராமன் என்ற பதினாலு வயசுப் பையன் ஏழாவது சுற்றில் விழுந்தான். மைதானத்து ஓரக்கல்லில் முகம் மோதி இடது கண்ணில் பார்வை போய்விட்டது. தலைமையாசிரியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பையனோட அப்பாகிட்ட போயி, நான் பாத்திருக்கணும், தப்பு என்மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்" என்றார். சோலையப்பன் சொல்லவில்லை. "அவன் எங்கிட்டத் தலை சுத்துதுன்னு சொல்லவே இல்ல சார்" என்று விறைப்பாக நின்றார். மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மனைவி செவந்தி இன்றைக்கும் சோறு போடும்போது, "ஒரு வார்த்தைதானே கேட்டாங்க" என்பாள். அவர் தலை நிமிராமல் சாப்பிடுவார்.

அன்றைக்கு, அதாவது ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் ஒரு நாள், கண்ணுசாமியின் கிணற்றில் வேலை. கண்ணுசாமி முன்கோபக்காரர். நாற்றங்கால் காய்ந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் கிணற்றின் வடமூலையில் பாறை இடுக்கில் ஈரம் கசிந்திருந்தது. அதைக் கண்டதிலிருந்து மனுஷனுக்கு நிலைகொள்ளவில்லை. இன்னும் ஒரு சுற்று வேட்டு வைத்து, பொழுது சாய்வதற்குள் கல்லை அள்ளிவிட்டால் தண்ணீர் பீறிடும் என்று காலையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார்.

பாறையில் ஆறு குழி அடித்து, மருந்து கெட்டித்து, ஆறு திரி வைத்தார்கள். மலையாண்டி கீழே இறங்கித் திரிகளுக்கு வரிசையாக நெருப்பு வைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வந்தான். எல்லாரும் வண்டிப்பாதைக்கு அப்பால் மேட்டின் பின்னால் பதுங்கினார்கள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் ஆளுக்கு ஆறு கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொள்வார்கள். ஒரு வேட்டு வெடித்தால் ஒரு கல்லைக் கீழே போடுவார்கள். கடைசியில் இரண்டு பேர் கையும் காலியாக இருக்க வேண்டும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் எவன் குறைவாக எண்ணினானோ அவன் கணக்குதான் செல்லும். அன்றைக்கு யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது. வெடிக்காத குழியில் ஈரம் பட்ட திரி உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு கிடக்கும். அது எப்போது பிடிக்கும் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

ஒரு கை மலையாண்டியுடையது. இன்னொரு கை சோலையப்பனுடையது.

முதல் வேட்டு வெடித்தது. சோலையப்பனின் வலது ஷூ தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. ஒன், டூ, த்ரீ, ஃபோர்... எட்டு என்று வரும்போது இரண்டாவது வேட்டு. மறுபடி எட்டு, மூன்றாவது. அவருக்கு உள்ளூரப் பெருமை பொங்கியது. அளந்து வெட்டிய திரி அல்லவா! டிரில்லுக்குக் கை தூக்குவது போல எட்டுக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எதிர்க் குன்றில் மோதிய சத்தம் வேறு திரும்பி வந்து அதிர்ந்தது. நாலு. ஐந்து. ஆறு. கடைசிக் கல்லையும் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"ஆறு! கரெக்ட்டா ஆறு!"

மலையாண்டி தன் கையை விரிக்கவில்லை. வெறுங்காலைப் பாறையில் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றான். "சார்... எனக்கு அஞ்சு மாதிரித் தெரியுது. நடுவுல ஒண்ணு காலுல அதிரல."

"மாதிரின்னா என்னடா? கணக்குல மாதிரின்னு ஒண்ணு உண்டா?"

அது பழைய வகுப்பறைக் குரல். அவரே நினைக்காமல் வந்துவிட்டது. மலையாண்டிக்கு முப்பது வயசு. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் முகம் எட்டாம் வகுப்புப் பையன் முகமாகச் சுருங்கிப்போனது.

கண்ணுசாமி உடனே பிடித்துக்கொண்டார். "பதினாறு வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தவரு சொல்றாரு, நீ என்னடா பெயிலாப் போன பய இழுக்குற? வாத்தியார் கணக்குத் தப்புமா? பொழுது போகுதப்பா!"

மலையாண்டி விரல்களை இறுக்கி மூடினான். "சரிங்க சார். ஆறாத்தான் இருக்கும்" என்றான்.

புகை ஓரளவு கலைந்ததும் எல்லாரும் கிணற்றடிக்கு வந்தார்கள். முதலில் இறங்கி, தொங்குகிற கற்களைத் தட்டிவிடுகிற வேலை இருளாண்டிக்கு. சூதுவாது தெரியாத ஆள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, "வாத்தியாரய்யா விசில் ஊதினாத்தான் எனக்குத் தெம்பு" என்று பல்லைக் காட்டினான். விளிம்பில் கிடத்தியிருந்த மரக்கட்டை மேல் கயிற்றைப் போட்டு இரண்டு பேர் பிடிக்க, அவன் விளிம்பைத் தாண்டிக் காலைத் தொங்கவிட்டான். சோலையப்பன், வழி சரி என்பதற்கு அடையாளமாக, ஒரு நீள விசில் ஊதினார்.

ஊதிவிட்டுக் கையை இறக்கினார். கால் பழக்க தோஷத்தில் தாளம் போட்டது. ஒன், டூ, த்ரீ... எட்டு. எட்டாவது தட்டில், குன்றிலிருந்து அவர் விசில் மெல்லத் திரும்பி வந்தது.

சோலையப்பன் தாளத்தை நிறுத்தினார்.

எட்டுக்கு ஒரு வேட்டு. எட்டுக்கு ஒரு எதிரொலி. அப்படியானால் மூன்றாவது வேட்டின் எதிரொலி வந்து சேர்ந்த நேரமும் நாலாவது வேட்டு வெடிக்க வேண்டிய நேரமும் ஒன்றேதான். நாலாவது குழி ஈரக் கசிவை ஒட்டி அடித்தது. நாலாவது என்று அவர் கல்லைப் போட்டது குன்றிலிருந்து வந்த சத்தத்துக்கா? காதால் எண்ணினாரா, காலால் எண்ணினாரா? மற்றவர்கள் வெறுங்காலில் பாறையின் அதிர்வை வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவரோ ரப்பர் அடி போட்ட ஷூவில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அட கடவுளே! ஒரு குழி அப்படியே உயிரோடு கிடக்கிறது.

"கொஞ்சம் இருங்க" என்றார்.

"ஏன்?" என்று கண்ணுசாமி திரும்பினார்.

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். என்ன சொன்னார் தெரியுமா? "புகை... இன்னும் நல்லா அடங்கட்டும்."

"எங்கய்யா புகை? தெளிஞ்ச வானமாட்டம் கெடக்கு. டேய், நீங்க விடுங்கடா கயித்த!"

கயிறு ஒரு முழம் இறங்கியது. இருளாண்டியின் தலை விளிம்புக்குக் கீழே மறைந்தது. சோலையப்பனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலைமையாசிரியர் அறையில் நின்றபோதும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மலையாண்டி தள்ளி நின்று தன் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை பேருக்கும் முன்னால், இவனுக்கு முன்னால், நான் எண்ணியது தப்பு என்று சொல்வதா? இன்னும் ஒரு முழம் இறங்கியது. கீழேயிருந்து இருளாண்டி, "வடமூலையில தண்ணி மினுங்குது!" என்று சந்தோஷமாகக் கத்தினான். வடமூலைக் குழிதான் நாலாவது.

"தப்பு!" என்று சோலையப்பன் அலறினார். "என் கணக்குத் தப்பு! அஞ்சுதான் வெடிச்சுது! தூக்குங்கடா அவன!"

கயிறு பிடித்தவர்கள் திகைத்துக் கண்ணுசாமியைப் பார்த்தார்கள். கண்ணுசாமிக்கு முகம் சிவந்தது. "என்னய்யா வெளயாடுறீங்களா? இப்பத்தான ஆறுன்னீங்க?"

"எனக்கு எண்ணத் தெரியல! மலையாண்டி சொன்னதுதான் சரி. தூக்குங்க!" சொல்லிக்கொண்டே பாய்ந்து கயிற்றை அவரே பிடித்து இழுத்தார். அதற்குள் மலையாண்டியும் ஓடி வந்து பிடித்தான். நாலு பேருமாக இழுத்த வேகத்தில் இருளாண்டி முழங்கை சிராய்த்துக்கொண்டு விளிம்பில் வந்து விழுந்தான். "என்னாச்சு வாத்தியாரய்யா?" என்று பாவம் அவன் கேட்டு முடிப்பதற்குள் மலையாண்டி அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினான். கண்ணுசாமி மட்டும் நகராமல் நின்று திட்டிக்கொண்டிருந்தார். சோலையப்பன் திரும்பி வந்து, பதினாறு வருஷத்துப் பிடியெல்லாம் காட்டி, அவர் கழுத்துத் துண்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

மேட்டுக்குப் பின்னால் கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. "பகல் பூரா பாழாப் போச்சு. இந்தக் கூத்துக்குத்தான் கூலியா?" என்று கண்ணுசாமி ஆரம்பித்தார். எல்லார் பார்வையும் சோலையப்பன் மேல் இருந்தது. காது மடல் எரிய உட்கார்ந்திருந்தார். இப்போது சொன்னதும் தப்பாக இருந்தால்? எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

பூமி குலுங்கியது. கிணற்றிலிருந்து கல்லும் சேறும் பனை உயரம் எழும்பின. இருளாண்டியை இறக்கிய இடத்தில், கயிறு போட்டிருந்த மரக்கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது.

இருளாண்டி தன் இடுப்பில் தொங்கிய கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதான். கண்ணுசாமி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினார்.

மலையாண்டி மூடிய கையை விரித்தான். வியர்வையில் நனைந்து ஒரு கூழாங்கல் இருந்தது.

"ஒனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் சோலையப்பன். "குறைஞ்ச கணக்குதான் செல்லும்னு நீதானடா எனக்குச் சொல்லிக் குடுத்த. லைசென்ஸ் ஒன்னோடது. ஏன் அழுத்திச் சொல்லல?"

மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு தரம் சொன்னேன் சார். நீங்க அந்தக் கொரல்ல கேட்டதும்... ஒங்ககிட்டக் கணக்குல எதுத்துப் பேசினா முட்டி போடணும்னு காலு மடங்கிருச்சு சார். ஆளு இறங்குறான்னு தெரியுது, வாயி வரல."

அவன் குற்றம் சாட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. தன்னைத்தான் நொந்துகொண்டான். அடித்திருந்தால்கூட சோலையப்பனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மாசி மாதத்து வெயில் அவர் கண் முன்னால் வந்து நின்றது. ஐந்து மாதமாக, சொல்லவே இல்லை, சொல்லவே இல்லை என்று மற்றவர்களிடமும் தன்னிடமும் சாதித்துக்கொண்டிருந்தாரே, அது பொய். முத்துராமன் சொன்னான். ஆறாவது சுற்றில் அவரைக் கடக்கும்போது சின்னக் குரலில், "சார், தலை சுத்துது" என்றான். "என்னடா சாக்கு? ஓடு!" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் சோலையப்பன் வீட்டுக்குப் போகவில்லை. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஆவூர்ச் சாலையில் நடந்தார். கல் குத்தியது. முத்துராமன் வீடு சாலையை ஒட்டிய தோட்டத்தில் இருந்தது. அவன் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவரைக் கண்டதும் அவர் கை அப்படியே நின்றது.

பையன் திடுக்கிட்டு எழுந்தான். மடியிலிருந்த கடலையெல்லாம் சிதற, குதிகால் சேர்த்து, கைகளை விலாவோடு ஒட்டி விறைப்பாக நின்றான். பார்வை போன கண் எங்கேயோ பார்த்தது. மற்றது பயத்தோடு அவரைப் பார்த்தது.

"உக்காருடா" என்றார் சோலையப்பன். அவன் உட்காரவில்லை. அவர்தான் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். தகப்பனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "அன்னைக்கு நீ தலை சுத்துதுன்னு எங்கிட்டச் சொன்ன. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் ஓடச் சொன்னேன். தப்பு என்னோடது."

வைக்கோல் போட்டவர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்தார். முத்துராமன் இன்னும் விறைப்பாக நின்றபடியே, மெதுவாகச் சொன்னான்.

"ரெண்டு தரம் சொன்னேன் சார்."

சோலையப்பனுக்கு ஒரு தரம்தான் நினைவிருந்தது. அவர் மறுக்கவில்லை.

"ரெண்டுதான்ப்பா" என்றார்.