வெறுங்கையோடு வராதீர்கள்

செயின்ட் ஆண்ட்ரூ திருநாள் விருந்தை இந்த வருஷம் ஹோட்டலில் வைக்க வேண்டாம், ஊர் மண்டபத்திலேயே சமைத்துச் சாப்பிடலாம் என்று குழுக் கூட்டத்தில் இஷ்பெல் எழுந்து சொன்னதும், விருந்துக் குழுத் தலைவி முரியல் பிட்கேர்ன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று கடலோரத்து ஸ்கெரிநெஸ் ஊர் முழுக்கத் தெரியும்.

"யாரு சமைக்கிறது? நீயா?"

"நானேதான். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல எண்பது பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். அறுபது பேருக்கு முடியாதா?"

"பள்ளிக்கூடச் சாப்பாடு வேற, விருந்து வேற, இஷ்பெல்."

"வாஸ்தவம். பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டுச்சு. உங்க ஹோட்டல் விருந்துல பாதி ஊருதானே சாப்பிட்டுச்சு?"

முரியலுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் தலைக்கு நாற்பத்தைந்து பவுண்டு. அன்றைக்கென்று பார்த்துப் பாதி ஊருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. அது என்ன ஜலதோஷம் என்று யாருக்குத் தெரியாது?

"சரி, இந்த ஒரு வருஷம்" என்றாள் முரியல். "அறுபது நாற்காலியும் நிறையணும். நிறையலைன்னா இனிமே ஹோட்டல்தான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அறுபது நாற்காலி முரியலின் கணக்கு. இஷ்பெல்லுக்கு வேண்டியது ஒரே ஒரு நாற்காலி. போன வருஷம் அதே ஹோட்டலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் மாட்டிறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே கொட்டுகிற மழையில் அவளுடைய அண்ணன் டோர்க்கில் நடந்து போனான். கை இரண்டும் பாக்கெட்டில், தலை குனிந்தபடி. ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மீன்பிடிப் படகை விற்ற நாளிலிருந்து மூன்று வருஷமாக அவன் எந்தக் கூட்டத்திலும் தலை காட்டுவதில்லை. அதற்குமேல் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். அவனை மேஜைக்குக் கொண்டுவந்து உட்கார வைக்காவிட்டால் தான் சமையல்காரியே இல்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

கணக்குப் பார்த்தால் விருந்து ஒன்றும் பெரிய மலை இல்லை. விருந்துக்கு முக்கியமான ஹாகிஸுக்கு வேண்டிய ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல், அதையெல்லாம் அடைத்துக் கட்ட இரைப்பை எல்லாம் ஆடு வளர்க்கிறவர்களிடம் சல்லிசாகக் கிடைக்கும். ஓட்ஸ் மூட்டையாக வாங்கினால் மலிவு. உருளைக்கிழங்கும் டர்னிப்பும் ஊரைச் சுற்றியே விளைகிறது. தலைக்கு எட்டு பவுண்டு போதும். அதோடு விட்டிருக்கலாம். தபால் ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டும்போது கீழே இன்னொரு வரியும் எழுதினாள்: "முடியாதவர்களுக்கு இலவசம்." நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ!

பத்து நாளில் தபால் ஆபீஸில் பதினோரு சீட்டு போனது. வாங்கிய பதினோரு பேரும் கார் வைத்திருக்கிறவர்கள். இலவசச் சீட்டு ஒன்றுகூடப் போகவில்லை. கடைசியில் அவளே ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என்ன இது?" என்றான் டோர்க்கில். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"விருந்துச் சீட்டு. உனக்குத்தான்."

"எட்டு பவுண்டா, இலவசமா?"

இஷ்பெல் ஒரு நொடி தயங்கினாள். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

"ஊரைக் கூட்டி எனக்கு தருமச் சோறு போடுறியா? அந்த அளவுக்கு நான் இன்னும் விழுந்துடல. போடி!"

கதவைப் படாரென்று சாத்தினான். இஷ்பெல் நேரே தபால் ஆபீஸுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவள் எஃபி, ஆறு வயதிலிருந்து அவளுக்குத் தோழி. நடந்ததைக் கேட்டு எஃபி பரிதாபப்படுவாள் என்று எதிர்பார்த்தது தப்பு.

"உன் மண்டைக்குள்ள மூளை இருக்கா, ஓட்ஸ் கஞ்சி இருக்காடி? இந்த ஊருல எவனாவது 'என்னால முடியல'ன்னு வாயைத் திறந்து சொல்லிக் கேட்டிருக்கியா? கால் ஒடிஞ்சவன்கூட 'லேசா சுளுக்கு'ம்பான். அவனை என் கவுண்டர்ல வந்து, ஸ்டாம்ப் வாங்க நிக்கிறவங்க முன்னாடி, இலவசச் சீட்டு கேளுங்கறியே! எட்டு பவுண்டு உள்ளவனும் இப்ப வாங்க பயப்படுறான், இலவசம்னு நினைச்சுடுவாங்களோன்னு."

"அவன் எங்கேயுமே வர மாட்டேங்கறானே எஃபி. நான் என்னதான் பண்றது?"

"எங்கேயுமே வராதவனா? வருஷப் பிறப்பன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தானே."

"டோர்க்கிலா?"

"நீ கிளாஸ்கோவுல மக வீட்டுல இருந்தே, உனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு வெறுங்கையோட யார் வீட்டுலயும் நுழையக் கூடாதுல்ல, அந்த வழக்கப்படி கையில அடுப்புக் கரிக்கட்டியோட ஜம்முன்னு வந்தான். விஸ்கி குடிச்சான், கேக் தின்னான், ராஜா மாதிரி உட்கார்ந்து எங்க வீட்டுக்காரரோட சண்டை போட்டுட்டுப் போனான். வெறுங்கையோட வரலையே, அவனுக்கு என்ன வெட்கம்?"

இஷ்பெல் வாயைப் பிளந்தபடி நின்றாள். பிறகு பலகையிலிருந்த நோட்டீஸைக் கிழித்தாள். எஃபியின் பேனாவைப் பிடுங்கிப் புதிதாக ஒன்று எழுதினாள்: "செயின்ட் ஆண்ட்ரூ விருந்து. சீட்டு கிடையாது. காசு வாங்க மாட்டோம். வருஷப் பிறப்பு வழக்கம்தான் இதற்கும். வெறுங்கையோடு வருகிறவர்களை உள்ளே விட மாட்டோம், யாராக இருந்தாலும் சரி." கடைசி வார்த்தைகளுக்குக் கீழே எஃபி சிவப்பு மையில் கோடு போட்டாள். விற்ற பதினோரு சீட்டுக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடேயப்பா, ஊருக்கு என்ன ரோஷம் வந்துவிட்டது! வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் இஷ்பெல்லை நிறுத்தி, வெண்ணெய் எவ்வளவு வேண்டும், லீக்ஸ் வெங்காயம் யார் கொண்டுவருகிறார்கள், அடுத்த வீட்டுக்காரன் ஒரு மூட்டை கிழங்கு தருகிறானாமே நான் இரண்டு தருகிறேன் என்று பிடித்துக்கொண்டார்கள். டோர்க்கிலிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவள் அந்தப் பக்கம் போகவும் இல்லை. போனால் மறுபடியும் கெடுத்துவிடுவோமோ என்று பயம்.

நவம்பர் முப்பது, சாயங்காலம். எஃபி மண்டப வாசலில் போலீஸ்காரி மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூட்டையும் கூடையுமாக வந்துகொண்டே இருந்தார்கள். கடற்கரைத் தெரு விதவை ஒருத்தி கைக்குட்டையில் மூன்று முட்டையைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தாள். எஃபி எழுந்து நின்று வாங்கினாள். காற்றுப் பை வைத்த பைப் வாத்தியத்தோடு வந்த பள்ளிக்கூட வாத்தியாரைப் பார்த்து, "பை நிறையக் காத்துதானே கொண்டு வந்திருக்கே? சரி, போய்த் தொலை" என்று உள்ளே விட்டாள். பிறகு ரோமக் கோட்டும் கைப்பையுமாக முரியல் வந்து நின்றாள்.

"நான் நூறு பவுண்டு தரேன்."

"காசு வாங்கறதில்ல மிஸஸ் பிட்கேர்ன். எழுதிப் போட்டிருக்கு."

"நான் இந்தக் குழுவோட தலைவி!"

"அதனாலதான் 'யாராக இருந்தாலும் சரி'ங்கறதுக்குக் கோடு போட்டேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமுவதுபோல் சிரித்தார்கள். சத்தம் கேட்டு இஷ்பெல் மாவுக் கையோடு ஓடி வந்தாள். அவளுக்கு இது தேன் குடித்த மாதிரிதான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் அடக்கிக்கொண்டு, "வெறுங்கைன்னு யார் சொன்னது? முழுசா ரெண்டு கை கொண்டு வந்திருக்காங்களே. டர்னிப் பாதி உரிக்காம கிடக்கு. வாங்க முரியல்" என்றாள்.

முரியல் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மோதிரங்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். அவளும் துறைமுகத்தில் மீன் அறுத்தவளின் மகள்தான். கத்தி பிடித்ததும் அந்தக் கைக்குப் பழக்கம் திரும்பிவிட்டது. மற்றவர்கள் ஒன்று உரிப்பதற்குள் அவள் மூன்று உரித்துத் தள்ளினாள்.

ஏழு மணிக்கு முரியலே ஈரக் கையோடு வந்து, இஷ்பெல்லின் நாற்காலியையும் சேர்த்து எண்ணினாள். "ஐம்பத்தொன்பது" என்றவள், குரலைத் தாழ்த்தி, "ஐம்பத்தொன்பதும் அறுபதும் ஒண்ணுதான், விடு. நீ ஜெயிச்சிட்டே" என்றாள்.

இஷ்பெல் ஒப்புக்குத் தலையை ஆட்டினாள். பைப் முழங்கியது. ஊரே எழுந்து நின்று கை தட்ட, பெரிய தட்டில் ஆவி பறக்க ஹாகிஸ் ஊர்வலமாக வந்தது. ஒரு வெடிப்பு இல்லாமல் கிண்ணென்று இருந்தது. அதை வெட்ட அவள் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். அத்தனை முகமும் அவளைப் பார்த்துச் சிரிக்க, அவள் கண் அந்த ஒரு காலி நாற்காலியை விட்டு நகரவில்லை. ஊரையே கூட்டி வந்தவளுக்குச் சொந்த அண்ணனைக் கூட்டி வரத் தெரியவில்லையே என்று அழுகை முட்டியது.

அப்போது வாசல் கதவை யாரோ காலால் உதைத்தார்கள்.

"எவனாவது கதவைத் திறங்கடா! ரெண்டு கையும் மாட்டிக்கிட்டிருக்கு!"

டோர்க்கில்தான். தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற பெரிய பானையைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். அவனே தூண்டில் போட்டுப் பிடித்து அவனே புகை போட்ட ஹாடக் மீன், கிழங்கும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய சூப். மண்டபம் முழுக்க மணத்தது.

"லேட்டு" என்றாள் எஃபி.

"மீன் உன் கடிகாரத்தைப் பாத்தா வேகும்? தள்ளு."

பானையை நடு மேஜையில் இறக்கினான். கத்தியோடு நிற்கிற தங்கையைப் பார்த்தான். "அதைக் கீழ வை. ஹாகிஸ் எங்கேயும் ஓடிடாது. சூப்புதான் ஆறும். நீ போய் உட்காரு" என்று கரண்டியை எடுத்துக்கொண்டான். அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு விடியற்காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

எஃபிக்கு வாய் சும்மா இருக்குமா? "இருங்க, இருங்க! எல்லாரையும் வாசல்ல சோதிச்சு விட்டேன். இவ சமையலறை வழியா நுழைஞ்சுட்டா. இஷ்பெல் என்ன கொண்டு வந்தா, சொல்லச் சொல்லுங்க!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. இஷ்பெல் வாயைத் திறப்பதற்குள், கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்த டோர்க்கில் தலை நிமிராமல் சொன்னான்:

"என்னைக் கொண்டு வந்திருக்கா. கனம் ஜாஸ்தி. அதான் வந்து சேர மூணு வருஷமாயிடுச்சு."

எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள், மேஜையைத் தட்டினார்கள், வாத்தியார் காரணமே இல்லாமல் மறுபடியும் பைப் ஊதினார். இஷ்பெல் அழுதாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. டோர்க்கில் முதல் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த அறுபதாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் எடுத்துக் குடித்தாள்.

"உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

"பேசாம குடி" என்றான் அண்ணன்.