டெல்லாவின் இரும்புக் கதவு

புதன்கிழமை காலை பெர்னடெற் வேலைக்கு வந்தபோது விலங்குப் பூங்காவின் வாசலில் பொலிஸ் கார் நின்றது. யாரோ ஒரு பெண்ணைக் கொலை செய்கிறார்கள் என்று பின்தெருக்காரர் ஒருவர் போன் செய்திருந்தார். பெர்னடெற் அந்த இரண்டு பொலிஸ்காரரையும் பூமாக் கூட்டுக்கு அழைத்துப் போனாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்த டெல்லா, ஒரு பெண்ணின் குரல் போலவே, இன்னொரு முறை அலறியது. இளையவன் ஓரடி பின்வாங்கினான்.

எட்மண்டனுக்கு அப்பால், லண்டன் முடிகிற இடத்தில் இருந்தது அந்தச் சிறிய பூங்கா. பூமா என்றால் அமெரிக்க மலைச்சிங்கம். ஆறு வயதுப் பெண் பூமாவான டெல்லாவுக்குத் துணையாக, வேறொரு பூங்காவிலிருந்து புரூனோவை இரவல் வாங்கிப் பக்கத்துக் கூட்டில் விட்டிருந்தார்கள். நடுவே கம்பி வலை. அதில் இழுத்துத் திறக்கிற இரும்புக் கதவு ஒன்று. பெண் இணை சேரத் தயாரான நாள் பார்க்காமல் அதைத் திறந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவசரப்பட்டு உள்ளே விட்ட ஆண் ஒன்றின் கண்ணை டெல்லா பிடுங்கியிருந்தது.

இரவல் முடிந்து புரூனோவை ஏற்றிப் போக வெள்ளிக்கிழமை பின்னேரம் வான் வண்டி வருவதாக இருந்தது.

மிருக வைத்தியர் ரவீன் பினாங்குக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அன்றைக்கே கதவைத் திறக்கலாம் என்றார்.

"கத்துது, உருளுது, மரக்கட்டையில எல்லாம் உரசுது. இன்னும் என்னக்கா வேணும்?"

"கத்துறது அவனைக் கூப்பிட, டொக்டர். கிட்ட வர விடுறதுக்கு இல்லை. அவன் வலையடிக்கு வரேக்கை அவளின்ரை காதைப் பாருங்கோ."

ரவீன் பார்த்தார். புரூனோ வலையில் மூக்கை வைத்ததும் டெல்லாவின் காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன. சீறிக்கொண்டு வலையில் அறைந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வியாழக்கிழமை மதியம் பூங்கா மேலாளரே வந்தார். இரவல் வாங்கவே இரண்டு வருடம் ஆகியிருந்தது; இனியும் காத்திருக்க முடியாது, திற என்றார். டெல்லா காலையிலும் சீறியதைப் பெர்னடெற் சொன்னாள். கேட்கிற நிலையில் அவர் இல்லை. பெர்னடெற் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி அவர் முன்னால் மேசையில் வைத்தாள். திறக்க விரும்புகிறவர்கள் திறக்கட்டும், தான் திறக்கப்போவதில்லை என்றாள். சாவியை யாரும் தொடவில்லை. கடைசியில் ரவீன்தான், நாளைக் காலை வரை பார்ப்போம் என்றார். ஆண் பூமா சேராமல் திரும்பிப் போனால், பூமாக்கள் இருக்கும் பூனையினப் பகுதிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு மேலாளர் போனார்.

பெர்னடெற் இந்தப் பூங்காவுக்கு வந்தது கழிப்பறை கழுவத்தான். ஐந்து வருடம் கழுவிய பிறகுதான் கூட்டுக்குள் கால் வைக்க விட்டார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, தன் கணக்குப் பிழைத்தால் என்ன செய்வது என்ற ஒரே நினைவில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டெல்லாவின் இறைச்சி போட்ட இடத்திலேயே கிடந்தது. சுவரோரம் முழுக்க மூத்திர வாடை. புரூனோ வலையடிக்கு வந்தது. டெல்லா சீறவில்லை. விலாவை வலையோடு அழுத்தி உரசிக்கொண்டு நடந்தது; பிறகு முன்னங்காலை மடக்கிப் பின்புறத்தை உயர்த்தி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கியது. பெர்னடெற் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் அதையே கண்ட பிறகுதான் வாக்கிடோக்கியை எடுத்தாள்.

சண்டை வந்தால் பீய்ச்சிப் பிரிக்க ரவீன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் கதவை இழுத்தாள்.

புரூனோ மெதுவாகத்தான் உள்ளே வந்தது. ஒரு முறை சுற்றி வந்தது. அடுத்த கணம் டெல்லாவின் மேல் ஏறிப் பிடரியைக் கவ்வியது. டெல்லா போட்ட அலறலில் ரவீனின் கை குழாயின் திருகுக்குப் போனது.

"கழுத்தைப் பிடிச்சிட்டான்க்கா. தண்ணி விடுறேன்."

"வேண்டாம்."

"கொன்னுடுவான்."

"வாலைப் பாருங்கோ டொக்டர். ஒரு பக்கமாக் கிடக்குது. அவள் ஓடப் பாக்கேல்லை. தண்ணியை விடாதேங்கோ."

ரவீன் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை, திருகவும் இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டெல்லா திமிறித் திரும்பி ஓர் அறை விட்டது. புரூனோ துள்ளி விலகியது. இரத்தம் எங்கும் இல்லை. டெல்லா மல்லாக்கப் படுத்துப் புழுதியில் இப்படியும் அப்படியும் புரண்டது. அரை மணி நேரத்தில் திரும்பவும் போய் புரூனோவின் முன்னால் பதுங்கியது.

வான் வந்தபோது அவை ஏழாவது முறை சேர்ந்திருந்தன. மேலாளர் போன் பண்ணி இன்னும் நான்கு நாள் கேட்டு வாங்கினார். வான் வெறுமனே திரும்பியது. ரவீன் தேநீர் ஊற்றிப் பெர்னடெற்றின் முன்னால் மேசையில் வைத்தார்.

தொண்ணூற்றிரண்டாம் நாள், மே மாதத்தில், டெல்லா இரண்டு குட்டி போட்டது. ஒன்று மூன்றாம் நாள் செத்துப்போனது. மற்றது பெண். உடம்பெல்லாம் கரும்புள்ளியோடு, கண் திறக்காமலே தாயின் வயிற்றை முட்டி முட்டிப் பால் குடித்தது. மேலாளர் ஒரு நாள் வந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாவிக்கொத்து இப்போதும் பெர்னடெற்றின் இடுப்பில்தான் இருந்தது.