போன மாதத்து ஸ்கேன்

அத்தாவின் இடது கண் மூன்று வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருக்கும் வலது கண்ணை வைத்துத்தான் குன்னூர் மார்க்கெட்டில் எங்கள் தையல் கடை ஓடுகிறது. அந்தக் கண்ணிலும் இப்போது நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றன.

போன மாதம் டாக்டர் கொர்னேலியஸ் விழித்திரை ஸ்கேனைப் பார்த்து, "நடுவுல நீர் கோத்திருக்கு பாய். உடனே கண்ணுக்குள்ள ஊசி போடணும்" என்றார். பயந்துபோய் அதே ஸ்கேனைக் கோயம்புத்தூரில் காட்டினோம். அங்கிருந்த டாக்டர், "நீரெல்லாம் இல்லீங்க, ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார். அத்தாவுக்குப் பிடித்த பதில். பேசாமல் இருந்துவிட்டோம்.

இன்று மாலை கணக்கியல் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அத்தாவை மறுபடி கொர்னேலியஸிடம் அழைத்து வந்தேன். புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். நான் நீட்டிய தாளை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீர் இல்லை பாய். ஊசி வேண்டாம்."

"அல்ஹம்துலில்லாஹ்! ஊசியோடயே பொழைக்கிறவனுக்கு ஊசின்னா பயமுங்க சார்" என்று அத்தா சிரித்தார்.

படியிறங்கும்போது பையைச் சரிசெய்தேன். புதிய ஸ்கேன் உள்ளேயே இருந்தது. நான் கொடுத்தது போன மாதத்துத் தாள். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குகிறவள், பழையதை மேலே வைத்திருக்கிறேன். ஆனால் இதே தாளைப் பார்த்துத்தானே அன்று நீர் என்றார்? நான்தான் தப்பாகக் கேட்டேனோ?

திரும்பிப் போய் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்துச் சொன்னேன். டாக்டர் கம்ப்யூட்டரில் தேடினார். 'நீர் உள்ளது' என்று அன்று அவரே பதிந்திருந்தார். பழைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இது ரெண்டுங்கெட்டான் படம்மா. ஒரே டாக்டருக்கே ஒரு நாள் ஒரு மாதிரி தெரியும்."

"எங்க அத்தாவுக்கு ஒரு கண்ணுதான் சார் இருக்கு." குரல் உயர்ந்துவிட்டது.

"மஜீதா, சும்மா இரு புள்ள" என்று அத்தா என் கையைப் பிடித்தார்.

பக்கத்து அறையிலிருந்து டாக்டர் ரஞ்சனியை அழைத்து, எதுவும் சொல்லாமல் புதிய ஸ்கேனைக் கொடுத்தார் கொர்னேலியஸ்.

"நல்லாவே நீர் இருக்கு" என்றவர், மேசையிலிருந்த பழையதையும் எடுத்தார். "இதுலயும் லேசா இருக்கே. ஏன் சார் அப்பவே போடலை?"

"அப்ப ஒரு மாசம் சும்மா போச்சுங்களா?" என்றார் அத்தா.

"புதுசுல எனக்கும் தெளிவாத் தெரியுது பாய். இன்னிக்கே போட்டுரலாம்" என்றார் கொர்னேலியஸ்.

"போடுங்க சார். துணின்னா தப்பா வெட்டினாலும் ஒட்டுப் போட்டுக்கலாம்..." அத்தா முடிக்கவில்லை. நர்ஸ் உள்ளே கூட்டிப்போனார்.

பெஞ்சில் உட்கார்ந்து பழைய தாளை விரித்தேன். டாக்டர் ரஞ்சனி விரல் வைத்த இடத்தில், சாம்பல் நிற வரிகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இப்போது அது வெறும் நிழல்.

இரண்டு தாள்களையும் பைக்குள் திணித்தேன். எது மேலே போனதென்று பார்க்கவில்லை.