சகலை தேடிய நாற்காலிச் சத்தம்

கர்ட்டன்காரரிடம் எதை வேண்டுமானாலும் குறை சொல்லிவிட்டுத் தப்பித்துவிடலாம். தலை வழுக்கையாகிவிட்டது என்றால் சிரிப்பார். தைத்துக் கொடுத்த திரை ஒரு விரல்கடை தூக்கி நிற்கிறது என்றால் ஏணியோடு கிளம்பி வருவார். ஆனால் அவர் வீட்டு ஹாலில் இருக்கும் பாட்டு செட்டைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் வாங்கியது. ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபையர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். இன்றுவரை ஊசியைத் தவிர அதில் எதையும் அவர் மாற்றியதில்லை. "மாத்துறதுக்கு என்ன இருக்கு? பாடுதுல்ல?" என்பார். அதைச் சொல்லும்போது பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கி வந்ததைப் போல முகம் பூரித்துப் போகும்.

அவருடைய சகலை இதற்கு நேர் எதிர். கர்ட்டன்காரர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடையில் காலாவதித் தேதி பார்த்துப் பார்த்தே பழகிவிட்டதோ என்னவோ, வீட்டில் எந்தச் சாமானுக்கும் அவர் அதிக ஆயுள் கொடுப்பதில்லை. அதிலும் பாட்டு செட்டு என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்பீக்கரை மாற்றுவார். அதற்கு ஏற்ற ஒயர் இல்லை என்று ஒயரை மாற்றுவார். ஒயர் வந்ததும் ஆம்ப்ளிஃபையர்தான் சரியில்லை என்று தோன்றிவிடும். "இவரு மாத்தாம வச்சிருக்கிறது என்னை மட்டும்தான் மாமா," என்று தங்கை கர்ட்டன்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கர்ட்டன்காரரிடம் ஒரு வயலின் இசைத்தட்டு உண்டு. அதில் ஒரு ராகம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வாசிக்கிறவர் கொஞ்சம் அசைந்து உட்காருவார். அவர் நாற்காலி மெல்லக் கிரீச்சிடும். அவ்வளவுதான். ஆனால் வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அதைக் கேட்டாக வேண்டும். "கேட்டுச்சா? ஆளு உட்கார்ந்திருக்கிற இடம் வரைக்கும் தெரியுது பாருங்க," என்று விரலை நீட்டி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வெறும் சுவரைக் காட்டுவார். சகலையும் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அந்த இசைத்தட்டைக் கேட்பார். கேட்டு முடித்து எழுந்து சட்டையை நீவிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு அண்ணே. பழைய செட்டுக்கு இது அதிகம்," என்பார். அந்தக் கடைசி நான்கு வார்த்தையில் கர்ட்டன்காரருக்குச் சுருக்கென்று இருக்கும். இருந்தாலும் சகலையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொள்வார்.

மாமியார் வீட்டில் ஒரு நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பொறுமைக்கும் சோதனை வந்தது. மாமியார், மைத்துனன், மைத்துனன் பெண்டாட்டி என்று அத்தனை பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள்.

"அண்ணே, நான் புது செட்டு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்," என்றார் சகலை. "இப்ப இருக்கிறதை வெளியில தள்ள மனசு வரலை. நீங்க எடுத்துக்கோங்க. எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பழசையே கட்டிக்கிட்டு அழுவீங்க?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் கூடுதலாக வலித்தது. இளைய மாப்பிள்ளை கழித்துப் போட்டதை மூத்த மாப்பிள்ளை வாங்கி மாட்டிக்கொள்வதா? இன்றைக்கு ஆம்ப்ளிஃபையர் வரும், அடுத்து சகலை மாற்றும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வரும், தான் காலமெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றியது. கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க சகல. உங்க செட்டையும் வண்டியில போட்டுக் கொண்டாங்க. முதல்ல என்னோடதுல வயலினைக் கேளுங்க. கேட்டுட்டு 'இதை மாத்தத்தான் வேணும்'னு நீங்க சொன்னா, நானே என் கையால கழட்டிட்டு உங்களோடதை மாட்டிக்கிறேன். இல்லைன்னா இந்தப் பேச்சு இதோட சரி."

"இதுல என்ன அண்ணே போட்டி..." என்று சகலை இழுத்தார். மாமியார் விடவில்லை. "பேசியாச்சுல்ல, ரெண்டு பேரும் வாக்கைக் காப்பாத்துங்க," என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

கர்ட்டன்காரருக்குத் துளியும் கவலை இல்லை. தன் செட்டு தன்னைக் கைவிடாது என்று மார்தட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். கவலை எல்லாம் அவர் மனைவிக்கு. அவளுடைய கவலை செட்டைப் பற்றியது அல்ல, ஹாலைப் பற்றியது.

அந்த ஹாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெரூன்தான் வேண்டும் என்று அடம் பிடித்துவிட்டு, துணி வந்து இறங்கியதும் நீலம் கேட்கிற வாடிக்கையாளர்கள் எந்த ஊரிலும் உண்டு. அப்படித் தங்கிப்போன துணிச் சுருள் ஒவ்வொன்றும் கடையில் இடமில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். பின்சுவர் முழுக்க வெல்வெட் சுருள்கள் தோள் உயரத்துக்கு நிற்கும். பக்கச் சுவரில் லைனிங் துணி மூட்டைகள். மூலையில் சோபாவுக்கு வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகள். ஜன்னல்களில் மூன்று அடுக்குத் திரை, தொழில்காரர் வீடாயிற்றே. நடந்தால் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். "வர்றவங்க கடைக்குள்ள நுழைஞ்சுட்டோம்னு நினைச்சு விலை கேட்கிறாங்க," என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். "நாளைக்கு எடுத்துடறேன்," என்பார். அந்த நாளை வந்ததே இல்லை.

சனிக்கிழமை ஓர் அலுவலகத்துக்குத் திரை மாட்ட அவர் விடியலிலேயே கிளம்பிப் போனார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடைத் தையல்காரர்கள் இருவரையும் வேனோடு வரவழைத்தாள். சுருள், மூட்டை, ஃபோம் எல்லாம் கடை மாடிக்குப் போயின. திரைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். தரையைத் தேய்த்துக் கழுவினாள். மாலையில் அவர் வந்து வாசலில் நின்றபோது டைல்ஸில் அவர் முகமே தெரிந்தது.

"இது நம்ம வீடுதானா?"

"நாளைக்கு நீங்க ஜெயிக்கிறப்ப வீடும் பார்க்க லட்சணமா இருக்க வேணாமா? என் தங்கச்சி முன்னாடி நாம எதுல குறைஞ்சு போயிட்டோம்?" என்றாள். கைகள் சிவந்திருந்தன. அவர் ஹாலை ஒரு சுற்று நேராக நடந்து பார்த்தார். நேராக நடக்க முடிந்ததே அவருக்கு அதிசயமாக இருந்தது. இப்படி ஒருத்தி அமைய என்ன கொடுத்து வைத்திருந்தோமோ என்று மனசு நெகிழ்ந்தது. செட்டைத் துடைத்து வைத்தார், போட்டுப் பார்க்கவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளையைப் படுத்தி எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சகலையும் தங்கையும் வந்தார்கள். தங்கை ஹாலைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அக்கா கவனிக்காதவள் போல நின்று, அந்த வியப்பை ஆசை தீர அனுபவித்தாள். சகலை வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கர்ட்டன்காரர் வயலின் தட்டை வைத்து ஊசியை இறக்கினார்.

முதல் வில்லிழுப்பிலேயே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டில் கரண்டியைத் தேய்த்தது போல ஒரு கூச்சல். வயலினுக்குப் பின்னால் வரவேண்டிய தாளம் முன்னால் வந்து முட்டியது. ஒரு சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. சத்தத்தைக் குறைத்தார். ஒயரை அசைத்தார். ஊசியைத் தூக்கிப் பார்த்து ஊதினார். மறுபடியும் அதே கூச்சல்தான். ராகம் முடிந்தது, அடுத்தது தொடங்கியது, நடுவில் நாற்காலி கிரீச்சிடவே இல்லை. கர்ட்டன்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

வாக்கு என்றால் வாக்கு. மண்டியிட்டு ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றத் தொடங்கினார். கழற்றும்போதும் முதுகை நிமிர்த்தித்தான் வைத்திருந்தார். தோற்றவன் கூனிக் குறுகி நின்றான் என்று மாமியார் வீட்டில் யாரும் பேசிவிடக் கூடாது.

சகலை பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். ஜெயித்தவர் முகமாக இல்லை அது. சொத்தைப் பறிகொடுத்தவர் முகமாக இருந்தது.

"என்ன அண்ணே பண்ணித் தொலைச்சீங்க இதை? அந்த நாற்காலி எங்க?"

"எந்த நாற்காலி?"

"அந்தக் கிரீச்! நான் ஒவ்வொண்ணா மாத்துறது எதுக்குன்னு நினைச்சீங்க? இங்க வந்து கேட்டுட்டுப் போவேன். அதே தட்டை என் வீட்டுல போடுவேன், அந்தச் சத்தம் வராது. எத்தனை செட்டு மாத்தியும் வரலை அண்ணே. உங்க பழைய செட்டுல வர்றது என்னோடதுல ஏன் வரலைன்னு எனக்குத் தூக்கமே வராது. வெளியில சொன்னா வெட்கக்கேடு. இப்ப இதையும் கெடுத்து வச்சிருக்கீங்களே!"

கர்ட்டன்காரர் கழற்றிய ஒயரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாகத் தன்னைக் குத்திக்கொண்டிருந்த மனுஷன், இத்தனை வருஷமாகத் தன் செட்டைத்தான் துரத்திக்கொண்டிருந்திருக்கிறான்! தோற்றுப்போன அந்த நிமிஷத்திலும் அவருக்குள் பெருமை பொங்கியது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

"ஏன் ரெண்டு பேரும் இப்படிக் கத்துறீங்க?" என்று அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நான் எங்க கத்துறேன்? மெதுவாத்தானே பேசுறேன்."

"எங்க வீட்டுலயும் இப்படித்தான்க்கா, ஒண்ணு பேசினா ஒம்பதாக் கேட்கும்," என்றாள் தங்கை. "ஹால்ல ஒரு சோபாவைத் தவிர எதுவும் வைக்க விட மாட்டாரு."

கர்ட்டன்காரர் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். புதுக் குடித்தனக்காரர்களின் வெறும் வீட்டில் அளவெடுக்கப் போனால் பேச்சு சுவருக்குச் சுவர் மோதும். திரையை மாட்டி முடித்ததும் அடங்கிவிடும். பிழைப்பே அந்த வேலைதான். தினமும் காதால் கேட்கிற விஷயம், தன் வீட்டில் மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

"செட்டு கெடலை சகல. துணி போயிடுச்சு," என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மனைவிக்குப் புரிந்துவிட்டது. "அப்போ நான்தான் கெடுத்தேனா?" என்றாள். கண் கலங்கிவிட்டது. "நீங்க ஜெயிக்கணும்னுதானே பண்ணினேன்."

"நீ எதையும் கெடுக்கலை," என்றார் அவர். "இத்தனை வருஷம் அந்த மூட்டைக்கு நடுவுல குடும்பம் நடத்தினது யாரு? நான் செட்டு செட்டுன்னு பீத்திக்கிட்டேன். நீ பொறுத்துக்கிட்டதாலதான் அது பாடியிருக்கு. இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

வேன் மறுபடியும் கடைக்குப் போனது. இந்தத் தடவை நான்கு பேரும் சுமந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு சகலை மெரூன் வெல்வெட்டைத் தோளில் தூக்கி வந்த காட்சிக்குத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எதை எங்கே வைப்பது என்று கர்ட்டன்காரருக்கே தெரியவில்லை. அவர் மனைவிதான் நடுவில் நின்று அதிகாரம் பண்ணினாள். "மெரூன் அந்த மூலைக்கு. கோடு போட்டது அதுக்குப் பக்கத்துல, கொஞ்சம் சாய்ச்சு. ஃபோமை இன்னும் தள்ளுங்க. எத்தனை தடவை கால் இடிச்சிருக்கேன், எனக்கா தெரியாது?" துவைத்துக் காய்ந்த திரைகளை அவர் ஏணியில் ஏறி வளையம் வளையமாக மாட்டினார்.

ஊசி இறங்கியது. வயலின் தன் இடத்தில் நின்று வாசித்தது, தாளம் அதன் பின்னால் போய் உட்கார்ந்தது. ராகம் முடிந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால், நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டது.

சகலை கைதட்டிவிட்டார். "மாத்த வேணாம் அண்ணே. சத்தியமா வேணாம். அத்தைகிட்ட நானே சொல்லிடறேன்."

"உங்களோடதையும் கொண்டாங்க, மாட்டிப் பார்த்துடுவோம்," என்றார் கர்ட்டன்காரர். ஜெயித்த பிறகு அவருக்கு மனசு விசாலமாகிவிட்டது. மாட்டினார்கள். அதிலும் நாற்காலி கிரீச்சிட்டது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் தெளிவாகவே கிரீச்சிட்டது. கர்ட்டன்காரர் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு சகல, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு என்னோடது போதும்." சொன்னதும் தன் செட்டை எடுத்து மறுபடியும் மாட்டினார்.

சகலை தன் ஆம்ப்ளிஃபையரைப் பெட்டிக்குள் வைத்தபடி, புதிதாகப் பார்த்து வைத்ததை வேண்டாம் என்று சொல்லப்போவதாக முணுமுணுத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, இந்தச் சுருள்ல நாலஞ்சு எனக்குக் கொடுங்களேன். சும்மாத்தானே கிடக்கு."

மனைவி நேற்றுவரைக்கும் என்ன சொல்லியிருப்பாள்? எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள் என்று வேனைத் திறந்து விட்டிருப்பாள். இன்றைக்கு மெரூன் சுருளுக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள்.

"இதுல ஒரு முழம் கூட நகராது. இதெல்லாம் இருக்கிற இடத்துல இருக்கணும்," என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "ஏங்க, நாளைக்குப் போய் அவங்க ஹாலை அளவெடுத்துட்டு வாங்க. புதுத் துணியில தைச்சுக் கொடுங்க. நாம கழிச்சதைச் சொந்தக்காரங்களுக்குக் கொடுத்துப் பழக்கமில்லை."

சகலை தலையைக் குனிந்து சிரித்தார். அவருக்குச் சேரவேண்டிய குத்து சேர்ந்துவிட்டது. கர்ட்டன்காரர் விரலை நீட்டி யாருக்கும் எதையும் காட்டவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் செட்டுக்கு முன்னால்கூட அவர் அவ்வளவு பெருமையாக எப்போதும் நின்றதில்லை.