அண்ணன் முந்திக்கொண்ட பதில்

அண்ணனும் தங்கையுமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவர்கள். வாய்தான் அவர்களுக்கு மூலதனம். பாத்திரத்தில் நெளிவு இருந்தால் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார் அண்ணன். கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் நமக்கென்ன என்பது அவர் கொள்கை. தங்கைக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை, மார்பில் கட்டியோடு, அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவர் எதிரே உட்காரும்வரை.

"செல்லை வளரச் சொல்ற மரபணு இருக்கும்மா, நிறுத்தச் சொல்றதும் இருக்கு. செல் கெட்டுப்போனா, 'நீ செத்துடு'ன்னு உத்தரவு போடறதும் ஒண்ணு உண்டு. உங்களுக்குப் பிறவியிலேயே அதுல கோளாறு. சாக வேண்டியது சாகாம பெருகிடுச்சு."

"காலி பண்ணாத வாடகைக்காரன் மாதிரியா?" என்றாள் தங்கை.

"சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்து குடிவெச்சவன்," என்று சிரித்தார் மருத்துவர். "இது பெத்தவங்க வழியா..."

"பிள்ளைங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புதானே டாக்டர்? ரத்தத்துலயே பார்த்துடலாம். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தா ஆரம்பத்துலயே பிடிச்சுடலாம்," என்று அண்ணன் முந்திக்கொண்டார். ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

தங்கைக்குச் சுருக்கென்றது. கடையில் வளர்ந்தவள் அல்லவா? கேட்கும் முன்பே விலையைச் சொல்கிறவன் அந்தச் சாமானுக்காக ஏற்கெனவே கடை கடையாக ஏறி இறங்கியவன்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷம் முன்னாடி உனக்குக் கட்டி எடுத்தாங்களே. வெறும் கொழுப்புக்கட்டின்னு சொன்னியே அண்ணே?"

அண்ணன் செருப்பைப் பார்த்தார். "அது புத்துக்கட்டிதான்மா. அப்பவே மரபணு டெஸ்ட் பண்ணாங்க, எனக்கும் இதே கோளாறு. உனக்கும் சொல்லச் சொன்னாங்க. பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருந்த நேரம்மா. உன் வாய்க்கு வந்தா ஊருக்கே வந்த மாதிரி..."

"அதனால என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வெச்சுட்டே."

"உனக்கு வராதுன்னு நெனச்சேன்மா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா, இது கடுகளவு இருக்கறப்பவே எடுத்திருப்பேன். நான் என்ன சாமான் வாங்க வந்தவளா? கூடப் பொறந்தவ இல்லையா?"

அண்ணன் படியிறங்கப் பார்க்க, அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"உன் பொண்ணுக்காவது தெரியுமா?"

அவர் தலையசைத்தார், இல்லையென்று. தன்னை விற்றது போகட்டும், பெற்ற பிள்ளையையுமா? தங்கை கைபேசியை எடுத்தாள்.

அண்ணன் கையைப் பிடித்தார். "வேண்டாம்மா. சம்பந்தி வீட்டுல தெரிஞ்சா அவ வாழ்க்கை..."

"அவ உயிரோட இருந்தாத்தானே வாழ்க்கை!" உதறிவிட்டு நகர்ந்தாள்.

"கண்ணு, அத்தை பேசறேன். எங்க இருக்கே? கொஞ்சம் உக்காந்துக்கோ. உங்கப்பா நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒரு விஷயத்தை மறைச்சுட்டார்."