இடுப்பிலா, தோளிலா

வேலுமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். நெய்வேலி டவுன்ஷிப்பில் பறக்கும் மண்தட்டைத் துப்பாக்கியால் சுடும் போட்டி வைத்தபோது, கோயம்புத்தூரில் முன்பே சுட்டுப் பழகியவன் அவன் ஒருவன்தான். விதிகளை விளக்கச் சொன்னார்கள். விடுவானா? மைக் இல்லாததுதான் குறை.

"இதுல ட்ராப், ஸ்கீட்னு ரெண்டு வகைங்க. ட்ராப்புல தட்டு முன்னால குழியிலிருந்து கிளம்பி நம்மள விட்டுத் தூரமா ஓடும். துப்பாக்கிய முன்னாடியே தோள்ல வச்சுக்கலாம். ஸ்கீட் அப்படி இல்லைங்க. இடது பக்கம் ஒரு கூண்டு, வலது பக்கம் ஒரு கூண்டு; தட்டு குறுக்கால பறக்கும். நாம அரைவட்டத்துல இடம் மாறி மாறி நிக்கணும். தட்டு கண்ணுல படற வரைக்கும் துப்பாக்கி இடுப்புலதான் இருக்கணும். அதுக்கு முன்னாடி தூக்கினா தப்பாட்டம்."

வாய் பிளந்து கேட்டவர்களில் சின்னதுரையும் ஒருவன். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், மைன்ஸில் பெர்மனென்ட். முந்திரித் தோப்பில் குறுக்கே ஓடும் முயலைச் சுட்டுப் பழகிய கை.

ட்ராப்பில் வேலுமணி சுலபமாக முந்தினான். ஆனால் மெட்ராஸ் போட்டிக்கு அனுப்பப்போவது ஸ்கீட்டில் ஜெயிப்பவனைத்தான். அங்கே சின்னதுரை முதலில் இறங்கினான். துப்பாக்கியை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தட்டைக் கண்ட பிறகே தூக்கினான். இரண்டே இரண்டுதான் தப்பின.

அடுத்து இறங்கிய வேலுமணிக்கு முதல் தட்டே கைநழுவியது. ட்ராப்பில் ஊறிய கை. இடுப்பிலிருந்து தூக்குவதற்குள் தட்டு போய்விட்டது. மெட்ராஸ் போகப்போவது நான்தான் என்று ப்ளாக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். நடுவராக நின்ற ஆபீஸர் சண்முகசுந்தரத்தைப் பார்த்தான். அவர் கண் வானத்திலேயே இருந்தது. உடைந்த தட்டை எண்ணத்தான் அவருக்குத் தெரியும். அடுத்த இடத்தில் வேலுமணி தட்டை விடச் சொல்லிக் குரல் கொடுக்கும் முன்பே துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். கடைசி வரை இறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை.

கைதட்டல் காதைப் பிளந்தது. சண்முகசுந்தரம் கைகுலுக்கினார். வேலுமணியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தண்ணீர்ப் பானையருகே சின்னதுரை வந்து நின்றான். வந்துவிட்டான், ஊரறிய மானத்தை வாங்கப்போகிறான் என்று நினைத்து வேலுமணி குவளையைக் கீழே வைத்தான்.

"சார், நீங்க காலைல சொல்லிக்கினு இருந்தப்ப நான் சரியா காதுல வாங்கிக்கல போலருக்குங்க. ஸ்கீட்லயும் தோள்ல வச்சிக்கலாம்னு நீங்க சுட்டப்பதான் தெரிஞ்சிது. நான் ஒரு மடையன், தப்பா புரிஞ்சிக்கினு இடுப்புலயே வச்சிக்கினு நின்னேன்."

அவன் முகத்தில் கேலி துளியும் இல்லை. நாலுபேர் முன்னால் திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. ஆபீஸர் கூப்பிடு தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். வேலுமணி வாயைத் திறந்தான்.

"பரவால்ல விடு, சின்னதுரை. முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான்."

"ரொம்ப நன்றிங்க சார்" என்று சின்னதுரை கும்பிட்டான்.