லிஃப்ட்காரர் ஏறிய படிகள்

முப்பத்தாறு வருஷம் தினமும் ஐந்து மாடி ஏறி இறங்கியவருக்கு இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. சும்மாவா, அத்தனை வருஷமும் ஏறியது ஆபீஸ் லிஃப்ட்தானே. லிஃப்ட்காரர் ஸ்டூலில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். அதற்குத்தான் முழங்கால் பழி வாங்குகிறது என்று மனைவி கேலி செய்வாள்.

குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி. இரண்டு தடவை படியில் தடுமாறி விழுந்தபின் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "ஒரு மாசம் பார்ப்பேன். நீங்களா ஏற முடியலைன்னா ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடணும்."

மகன் வீடு தரைத்தளம், வசதிக்குக் குறைவில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் இருவரும் தேடிப் பிடித்த வீடு இது. விட்டுப் போக அவருக்கு மனசில்லை.

முழங்காலுக்குப் பயிற்சி சொல்லித் தந்த பிசியோதெரபிப் பெண் கறாரானவள். கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும், ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு விட வேண்டும். "மனசுக்கும் வேலை கொடுங்க ஐயா. நிக்கிறப்போ பழசு ஏதாவது ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

அது போதாதா அவருக்கு? முதல் மாடியில் நின்று, "முதல் மாடி, தபால் பிரிவு" என்று அறிவிப்பார். தினமும் குடையை மறக்கும் குமாஸ்தாவும், லிஃப்ட் கிளம்பினாலே கண்ணை மூடிக்கொள்ளும் மேலாளரும் நினைவில் வந்து நிற்பார்கள். பாவம், அந்த ஆபீஸ்காரர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

இரண்டாவது மாடியில்தான் நேரமாகும். மனைவிக்கும் முழங்கால் வலி, அரை மாடி பின்தங்கித்தான் வருவாள். அவர் திரும்பி நின்று, இல்லாத லிஃப்டின் கிரில் கதவை இடது கையால் பிடித்துக்கொள்வார். அந்தக் காலத்தில் அவள் அதே ஆபீஸில் மூன்றாவது மாடித் தட்டச்சர். என்றைக்கும் இரண்டு நிமிஷம் தாமதம். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. மேலே இருப்பவர்கள் மணியடித்துத் தீர்ப்பார்கள். அவள் வரும்வரை இவர் அசைய மாட்டார். அதற்காக மெமோ வாங்கியவர் அந்தக் கட்டடத்திலேயே இவர் ஒருவர்தான்.

மாதக் கடைசியில் மகன் வந்தான். லிஃப்ட்காரர் தடுமாறாமல் இரண்டு மாடி ஏறினார். பழக்கதோஷம், திரும்பி நின்று கையை நீட்டிவிட்டார்.

"வீடு இன்னும் மேல இருக்குப்பா. என்ன பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"கதவை" என்று சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகனின் முகம் வெளுத்துவிட்டது. கால் தேறிவிட்டது, புத்தி போய்விட்டது என்று நினைக்கிறான். வீடு கைவிட்டுப் போயிற்று என்றே அவர் நினைத்தார்.

அப்போது மனைவி மூச்சிரைக்க வந்து, அவர் கையைத் தாண்டி உள்ளே வருவதுபோல் வந்து நின்றாள்.

"மூடுங்க, மேல மணியடிக்கிறாங்க."

"அடிக்கட்டும்" என்றார் அவர், வழக்கம்போல்.

மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மெமோ கதையைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறான். மெல்ல வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

லிஃப்ட்காரர் கதவை இழுத்துச் சாத்தினார். "எந்த மாடி?"

மகன் வீட்டுப் பக்கம் கைகாட்டினான்.

"மூணாவதுப்பா. அங்கேயே இருங்க."